முகச்சுருக்கச் சிகிச்சைக்கு இரண்டு ஆண்டுகள் போய் வந்த அனுபவம்

எனக்கு வயது 52. சென்னையின் தென்பகுதியில், வீட்டு மாடியில், 27 ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பரதநாட்டியம் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஐம்பதைத் தொட்ட ஆண்டில் என் முகத்தில் ஏற்பட்ட மாற்றம் எனக்கு முன்பே மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளை வகுப்பில் விட வரும் தாய்மார்கள், "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், "அண்ணி, யார்மேல உங்களுக்குக் கோபம்?" என்று கேட்டபோது நான் மனநிறைவோடு காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். புருவங்களுக்கு நடுவே இரண்டு செங்குத்துக் கோடுகள் ஆழமாக விழுந்திருந்தன. கண்ணுக்குக் கீழே குழி. கன்னம் ஒட்டி, வாயோரம் தொங்கல். வலது கன்னத்தில் மங்கு. உள்ளே இல்லாத கோபத்தையும் களைப்பையும் முகம் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருப்பது, முகபாவத்தையே தொழிலாகக் கொண்ட எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

அதன்பின் இரண்டு ஆண்டுகளில் இரண்டு இடங்களுக்குப் போனேன். கத்தி வைக்காமல் செய்யும் சிகிச்சைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன், சிலவற்றை வேண்டாம் என்று விட்டேன். இரண்டு இடங்களின் பெயரையும் இங்கே தரப்போவதில்லை. முதல் இடத்தில் எனக்கு நேர்ந்தது எங்கும் நேரக்கூடியது. இரண்டாவது இடத்தில் எனக்குக் கிடைத்த கவனத்தைத் தரக்கூடிய தோல் மருத்துவர்கள் வேறு பலரும் இருப்பார்கள். படிப்பவர்களுக்குப் பயன்படக்கூடியது, எந்தச் சிகிச்சை என்ன தந்தது, எவ்வளவு செலவானது, எங்கே ஏமாறலாம் என்பதுதான்.

முதலில் போனது ஓர் அழகு நிலையத்தோடு சேர்ந்த, குளிரூட்டிய, பளபளப்பான இடம். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்தவர் மருத்துவர் அல்லர். ஆலோசகர் என்ற பெயரில் ஓர் இளம்பெண். என் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், ஆறு அமர்வுகள் கொண்ட ஒரு 'கண்ணாடிச் சருமம்' திட்டத்தை 48,000 ரூபாய்க்கு எழுதிவிட்டார். முன்பணமாக முழுத்தொகையையும் கட்டினால் குளுட்டாதியோன் ஊசி ஒன்று இலவசம் என்றார். நிறத்தை வெளுக்க வைப்பதற்காக நரம்பில் ஏற்றும் அந்த மருந்தைக் குறித்துப் பிலிப்பைன்ஸ் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே பொதுமக்களை எச்சரித்திருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நல்லவேளையாக, ஊசி என்றால் தலைசுற்றும் என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்தேன். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டேன்.

அது சித்திரை மாதம், வெயில் கொளுத்திய நேரம். இரண்டாவது அமர்வில் முகத்தில் அமிலம் பூசித் தோலை உரிக்கும் பீல் செய்தார்கள். எனக்கு மங்கு இருந்ததா, வெயிலில் வண்டி ஓட்டுவேனா, இரவில் ஏதாவது மருந்து பூசுகிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. எரிகிறது என்று சொன்னபோது, "அப்படித்தான் மேம் இருக்கும்" என்றார் பூசிக்கொண்டிருந்த பெண். ஒரு வாரத்தில் இரண்டு கன்ன எலும்புகளின் மேலும் பழுப்பாகத் திட்டுகள் எழும்பின. நம்மைப் போன்ற மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சூடோ அமிலமோ அளவுக்கு மீறினால், ஆறிய இடம் கறுத்துப்போகும். தீக்காயத்துத் தழும்பு கறுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைச் சொல்லி முறையிட்டபோது, லேபிள் ஒட்டாத ஒரு சிறிய வெள்ளை டப்பாவில் கிரீம் தந்தார்கள். பூசிய பத்து நாளில் முகம் வெளுத்து மினுங்கியது. நிறுத்தியதும் சிவந்து, எரிந்து, சின்னச் சின்னப் பருக்களாகப் பொரிந்தது. என் மாணவி ஒருத்தியின் அரங்கேற்றத்தன்று நட்டுவாங்கத்துக்கு உட்கார்ந்தபோது, மேடை ஒப்பனைக்குக் கீழே என் முகம் தணலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மீதி நான்கு அமர்வுகளுக்கான பணம் திரும்பி வரவில்லை.

இரண்டாவது இடத்தில் இருந்த தோல் மருத்துவரிடம் அந்த டப்பாவைக் கொண்டுபோய்க் காட்டியபோது, அவர் முகர்ந்தும் விரலில் தேய்த்தும் பார்த்துவிட்டு, இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். ஸ்டீராய்டு கிரீமைச் சிவப்பழகுக் களிம்பு போல முகத்தில் பூசிக் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் நம் நாட்டில் மிக அதிகம் என்றும், மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் அரசு விதி இறுக்கியும் அது நிற்கவில்லை என்றும் சொன்னார். அந்த எரிச்சல் அடங்கவே இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை சுருக்கத்துக்கான எந்தச் சிகிச்சையையும் தொடங்க அவர் சம்மதிக்கவில்லை. கேட்டதை உடனே செய்துவிடாத மருத்துவர் என்பதே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்ததற்கு முதல் காரணம்.

அவருடைய கிளினிக் முதல் மாடியில், இரண்டே அறைகளில் இருக்கிறது. அவர் தோல் மருத்துவத்தில் எம்.டி. படித்தவர், கதவில் பதிவெண்ணோடு பெயர்ப்பலகை இருக்கிறது. கட்டணம் 800 ரூபாய். முதல் நாள் 40 நிமிடம் பேசினார். ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, முதலில் அதை மடியில் வைத்துத் தலையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கன்னமும் தாடையும் முன்னோக்கித் தொங்கி, என் அம்மாவின் கடைசிக்கால முகம் தெரிந்தது. பிறகு அதே கண்ணாடியைத் தலைக்கு மேலே பிடித்து அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தசை காதுப்பக்கம் சரிந்து, பத்து வயது குறைந்த முகம் தெரிந்தது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் தளர்ச்சி, அதை ஊசியாலும் கிரீமாலும் முழுக்கச் சரிசெய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சிகிச்சைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது கண்ணாடியிலேயே தெரிந்துவிடும்.

முகம் மூப்படைவது தோலில் மட்டும் நடப்பதில்லை என்பதை அவர் விளக்கிய விதம் எனக்கு மனத்தில் தங்கிவிட்டது. கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளச் சொன்னார். எலும்புதான் பந்தக்கால்கள், அவற்றின்மேல் கொழுப்புத் திண்டுகள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளாகத் தசைகள், எல்லாவற்றுக்கும் மேலே துணியாகத் தோல். வயது ஏற ஏறக் கண்குழி எலும்பு அகன்று, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது. கன்னத்துக் கொழுப்பு தனித்தனி அறைகளாக இருக்கிறது. சில அறைகள் வற்றுகின்றன, சில சரிகின்றன. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இளமையிலிருந்தே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடுகிறது. கால் சாய்ந்த பந்தலில் துணியை மட்டும் எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் நிற்காது. ஒவ்வொரு சிகிச்சையும் இந்த அடுக்குகளில் ஒன்றைத்தான் தொடுகிறது. ஒரே இயந்திரம் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பதை நான் 48,000 ரூபாய் கொடுத்துக் கற்றேன்.

பிறகு அவர் கேட்ட கேள்வி என்னை வியக்க வைத்தது: வகுப்பில் நான் எந்தப் பக்கம் சன்னல் இருக்க உட்காருவேன்? யோசித்துப் பார்த்தேன். என் தட்டுக்கழி, மணை, உட்காரும் பலகை எல்லாம் 27 ஆண்டுகளாக ஒரே இடத்தில் இருக்கின்றன. மாலை வகுப்பில் மேற்குச் சன்னல் என் வலப்பக்கம். மங்கு அடர்ந்திருப்பதும், கண்ணோரக் கோடுகள் அதிகம் இருப்பதும் வலது கன்னத்தில்தான். முகத்தை எரிக்கும் கதிர்களைச் சன்னல் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். ஆழமாகப் போய்க் கொலாஜனைச் சிதைக்கும் புற ஊதா ஏ கதிர்களை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயது ஓட்டுநர் ஒருவரின் படத்தை அவர் காட்டினார். 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த படம் அது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் அவர் முகத்தின் இடப்பாதி மடிமடியாகச் சுருங்கித் தொங்க, வலப்பாதி வயதுக்குரிய அளவில் இருந்தது. ஒரே மனிதர், ஒரே வயது, இரண்டு முகங்கள். நான் அன்று மாலையே பலகையை இடம் மாற்றிப் போட்டேன்.

எனவே என் மதிப்பீட்டில் முதலிடம், இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்த சிகிச்சைக்குத்தான்: பகலில் சன்ஸ்கிரீன், இரவில் டிரெட்டினாயின். இரண்டும் சேர்ந்து எனக்கு மாதம் 1,200 ரூபாய்க்குள் ஆகின்றன. ஆஸ்திரேலியாவின் நம்பூர் என்ற ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2013-இல் வெளியானது. நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோலில் மூப்பின் அடையாளங்கள், விருப்பம்போலப் பூசியவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தன. நாம் பூசும் அளவுதான் போதாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும் என்றார். நான் அதுவரை பூசியது அதில் கால்பங்குகூட இருக்காது. மங்கு உள்ளவர்களுக்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறம் சேர்த்த வகை நல்லது. அதில் வெண்சாயம் படியாமல் என் நிறத்துக்குப் பொருந்துவதைத் தேடி மூன்று டியூப்களை வாங்கி வீணாக்கினேன்.

டிரெட்டினாயின் வைட்டமின் ஏ-யின் வழிவந்த மருந்து. பிலடெல்பியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, பருவுக்கான மருந்தாக இருந்த இது வெயிலால் மூப்படைந்த தோலுக்கும் மருந்தாயிற்று. 0.025 விழுக்காட்டில், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும் என்று தொடங்கினார். மூன்றாவது வாரம் வாயோரமும் மூக்கோரமும் செதிள் செதிளாக உரிந்தன. கைவிட்டுவிடலாமா என்று இருந்தது. முதலில் ஈரப்பதக் கிரீமைப் பூசி அதன்மேல் மருந்தைப் பூசச் சொன்ன பிறகு அடங்கியது. நான்காம் மாதம்வரை கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் மாதம் கண்ணோரத்து மெல்லிய கோடுகள் மங்கின. தோலுக்கு ஒரு வழவழப்பு வந்தது. மங்கு பாதியாக வெளிறியது. மேடை ஒப்பனை போடும் நாட்களுக்கு முன் நான்கைந்து இரவு நிறுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒப்பனை உரிந்த தோலில் திட்டுத்திட்டாக ஒட்டும். கருவுற்றவர்களும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது. ஆழமான கோட்டுக்கும் தொங்கலுக்கும் இது மருந்தாகாது. ஆனால் இரண்டு ஆண்டுகளில் நான் செலவழித்த பணத்தில் ஒரு ரூபாய்கூட வருந்தாத செலவு இதுதான்.

அடுத்தது போடாக்ஸ். நான் போனதே புருவ இடைக்கோடுகளுக்காகத்தான். கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் நஞ்சைத் தூய்மைப்படுத்தி மிக நுண்ணிய அளவில் தருவது இந்த மருந்து. நரம்பின் முனையிலிருந்து தசைக்குப் போகும் அசெட்டைல்கோலின் என்ற செய்தியை இது தடுக்கிறது. செய்தி வராத தசை சுருங்குவதில்லை. தசை சுருங்காததால் மேலே உள்ள தோல் மடிவதில்லை. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ், இமைத்துடிப்பு நோய்க்கு இந்த ஊசியைப் போட்டபோது நோயாளியின் புருவ இடைக்கோடுகளும் மறைவதை 1987-இல் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் ஆலஸ்டேரோடு சேர்ந்து 1992-இல் அதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புருவ இடைக்கோடுகளுக்கு 2002-இல் இதை அனுமதித்தது. அங்கே வழக்கமான அளவு ஐந்து இடங்களில் மொத்தம் 20 யூனிட். ஒரு நிறுவனத்தின் யூனிட்டும் இன்னொரு நிறுவனத்தின் யூனிட்டும் ஒன்றல்ல. ஒன்றில் 20 போடும் இடத்தில் மற்றொன்றில் 50 போட வேண்டியிருக்கும். ஆகவே யூனிட் விலையை மட்டும் கேட்டு ஒப்பிடுவதில் பயனில்லை. எந்த மருந்து என்று பெயர் கேட்க வேண்டும்.

என் தொழிலைச் சொன்னதும் மருத்துவர் நெற்றியின் மேற்பகுதியைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். புருவத்தை மேலே தூக்கும் தசை அது ஒன்றுதான்; அதை அயர வைத்தால் புருவம் இறங்கும், ஐம்பது வயதில் ஏற்கெனவே தளர்ந்த மேலிமை இன்னும் கனத்துவிடும், வியப்பும் காட்ட முடியாது, அழைப்பும் காட்ட முடியாது. நாட்டிய சாஸ்திரம் புருவத்துக்கு மட்டும் ஏழு அசைவுகளை வகுத்திருப்பதை அவரிடம் சொன்னேன். ஏழையும் செய்து காட்டச் சொல்லி ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டார். எத்தனை மருத்துவர்கள் இப்படிச் செய்வார்கள் என்று தெரியாது. எனக்கு அது ஒரு கலைஞரை இன்னொரு கலைஞர் மதித்த கணமாகத் தோன்றியது.

தை மாதக் கடைசியில், மார்கழிக் கச்சேரிகளெல்லாம் ஓய்ந்த பின் ஊசி போட்டுக்கொண்டேன். குளிர்பெட்டியிலிருந்து குப்பியை எடுத்து, பெயரையும் காலாவதித் தேதியையும் என்னைப் படிக்கச் சொல்லி, என் கண்ணெதிரே உறையைப் பிரித்து, 100 யூனிட்டில் இரண்டரை மில்லி உப்புநீரைச் சேர்த்தார். பொட்டை எடுக்கச் சொன்னார். "கோபப்படுங்க, டீச்சர்" என்றார், ரௌத்திரம் காட்டினேன். புருவ நடுவில் ஒன்று, இருபுறமும் இரண்டிரண்டு என்று வெள்ளைப் பென்சிலால் ஐந்து புள்ளிகள் வைத்தார். இன்சுலின் போடும் மெல்லிய ஊசி, ஒவ்வொன்றும் எறும்புக்கடி. 20 வேண்டாம், 12 யூனிட்டில் தொடங்கலாம் என்று முடிவு செய்திருந்தார். நான்கு மணிநேரம் படுக்கக் கூடாது, அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அன்றைக்குப் பொட்டுகூட வைத்து அழுத்தக் கூடாது, ஆடக் கூடாது. மருந்து நகர்ந்து இமைத்தசைக்குப் போனால் ஒரு கண்ணிமை சில வாரங்கள் தொங்கிப்போகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நினைவு தெரிந்த நாளிலிருந்து முதன்முறையாக ஒரு மாலை முழுதும் நெற்றியில் பொட்டில்லாமல் இருந்தேன்.

நான்காம் நாள் புருவத்தை நெரிக்க முயன்றால் பாதியில் நின்றது. இரண்டாவது வாரம் போய்க் காட்டியபோது இடப்பக்கம் சற்றுக் கூடுதலாக அசைவதைப் பார்த்து இன்னும் 4 யூனிட் போட்டார். ஒரு யூனிட் 350 ரூபாய் வீதம் 16 யூனிட்டுக்கு 5,600 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து 6,608 ரூபாய். நோய்க்கான மருத்துவத்துக்கு இல்லாத வரி அழகுச் சிகிச்சைக்கு உண்டு என்பதைப் போகும்முன் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் முற்றிலும் அழியவில்லை, ஆண்டுக்கணக்கில் மடிந்த துணியில் தேய்த்த பின்னும் தடம் இருப்பதைப் போல மெல்லிய கீறல் நின்றது. ஆனால் முகத்தின் கடுமை போய்விட்டது. நாத்தனார் கோபத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கம் சரியாகிவிட்டதா என்று கேட்டாள்.

அந்த மகிழ்ச்சி மாசி மாதம் ஒரு மாலைவரை இருந்தது. ஒன்பது வயதுக் குழந்தை ஒருத்திக்கு நவரசம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ரௌத்திரத்தில் அவள் விழியை உருட்டினாள், உதட்டை இறுக்கினாள், மூக்கு விடைத்தது. புருவ நடு மட்டும் துடைத்த பலகை போல இருந்தது. "புருவத்தை நெரி, கண்ணு" என்றேன். அவள் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க நெரிக்கலையே, டீச்சர்" என்றாள். சுவர்க்கண்ணாடியில் பார்த்தேன். நான் நெரிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் நிகழவில்லை. குழந்தைகள் நான் சொல்வதைக் கேட்டுக் கற்பதில்லை, என் முகத்தைப் பார்த்துக் கற்கிறார்கள். அந்தக் குழந்தை மிகச் சரியாகத்தான் கற்றிருந்தாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊசியின் வேலை மூன்றரை மாதத்தில் முடிந்தது. அதுவரை ரௌத்திரத்தையும், அருவருப்பைக் காட்டும் பீபத்சத்தையும் என் மூத்த மாணவியை முன்னால் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேன். போடாக்ஸைப் பற்றிய என் தீர்ப்பு இதனால் மாறவில்லை, நுணுக்கமாயிற்று. சொன்னதைச் சொன்னபடி செய்யும் மருந்து அது. நல்ல கையில், குறைந்த அளவில், விலைக்குத் தகுந்த பலன் தருகிறது. முகத்தால் பிழைப்பவர்கள், நடிகர்களோ ஆசிரியர்களோ, காது கேளாதோரிடம் சைகையில் பேசுபவர்களோ, தங்கள் முகத்தில் எந்த அசைவை இழக்கக் கூடாது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் செய்து காட்டிவிட வேண்டும். தசைநோய் உள்ளவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் ஆகியோருக்கு இது கூடாது; நான் அப்படி இல்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் தொடங்கினார்.

ஆனி மாதம், வற்றிய இடத்தை ஊசியால் நிரப்பும் ஃபில்லர் போட்டுக்கொண்டேன். கண்ணுக்குக் கீழே உள்ள குழியை நிரப்பச் சொல்லித்தான் கேட்டேன். அங்கே தோல் மெல்லியது, நீலமாகத் தெரியும், வீங்கி நிற்கும், குழிக்குக் காரணமே கன்னம் வற்றியதுதான் என்று சொல்லிக் கன்ன எலும்பின்மேல், ஒவ்வொரு பக்கமும் அரை மில்லி வைத்தார். இது ஹையலுரானிக் அமிலக் கூழ். நம் தோலிலேயே இருக்கும் பொருளின் செயற்கை வடிவம். இதில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. கூழ் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம். அரிதாகப் பார்வையே போகலாம். எனவே ஊசி போடும் முன், அந்தக் கூழைக் கரைக்கும் ஹையலுரானிடேஸ் என்ற மருந்து இருப்பில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். அவர் குளிர்பெட்டியைத் திறந்து குப்பிகளைக் காட்டினார். இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். முனை மழுங்கிய குழல் ஊசியால் மெதுவாகச் செலுத்தினார். நடுநடுவே கன்னத்தை அழுத்தி விட்டு, வெளுத்த இடத்தில் ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியிலிருந்த தொகுதி எண் ஸ்டிக்கரில் ஒன்றை என் கோப்பிலும் ஒன்றை என் கையேட்டிலும் ஒட்டினார். திடீரென்று கடும் வலியோ, தோலில் வெளிறலோ, வலைபோல நீலமோ, பார்வை மங்கலோ வந்தால் நள்ளிரவானாலும் அழைக்கச் சொல்லித் தம் சொந்த எண்ணைத் தந்தார்.

ஐந்து நாள் வீக்கமும் இடப்பக்கம் ஒரு சிறு கன்றலும் இருந்தன. பிறகு முகத்தின் வாட்டம் நன்றாகவே தெளிந்தது. ஆனால் 28,000 ரூபாயும் வரியுமாக 33,040 ரூபாய் ஆயிற்று. பத்து மாதத்துக்குப் பிறகு இப்போது பாதிதான் எஞ்சியிருக்கிறது. கைவேலைக்கு முழு மதிப்பெண் தருவேன். சிகிச்சையை இந்த ஆண்டு திரும்பச் செய்துகொள்ளப் போவதில்லை; அந்தப் பணத்தில் இரண்டு ஏழைக் குழந்தைகளின் சலங்கை பூஜையை நடத்திவிடலாம்.

மெல்லிய ஊசிமுனைகளால் தோலில் நுண்துளைகள் இடும் நுண்ணூசிச் சிகிச்சை மூன்று அமர்வு, அமர்வுக்கு 5,000 ரூபாய். இரண்டு நாள் சிவப்பு, மிதமான பலன். பருத்தழும்பு உள்ளவர்களுக்கு அதிகம் பயன்படலாம், என் வகைச் சுருக்கத்துக்குப் பணத்துக்குத் தகுந்ததாகத் தோன்றவில்லை. ஊசிமுனையை ஒவ்வொரு முறையும் புதிதாக என் முன்னே பிரித்தார். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் பெறாத ஓர் அழகு நிலையத்தில் சொந்த ரத்தத்தை முகத்தில் ஏற்றும் சிகிச்சை எடுத்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018-இல் தெரியவந்தது என்பதை நினைத்தால், இதில் கூச்சப்பட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. மிகையொலி அலைகளைத் தோலுக்கடியில் நான்கரை மில்லிமீட்டர் ஆழம்வரை குவித்துச் சூடேற்றித் தசையுறையை இறுக்கும் சிகிச்சையைப் பற்றியும் கேட்டேன். லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவும், என்னைப் போல ஏற்கெனவே கன்னம் ஒட்டிய முகத்தில் இருக்கிற கொழுப்பும் குறைந்துவிடலாம், வேண்டாம் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குறைகளும் உண்டு. குறித்த நேரத்துக்குப் போனாலும் ஒன்றரை மணிநேரம் காத்திருக்க வேண்டும். மின்தூக்கி இல்லை, முழங்கால் வலியோடு வருபவர்கள் பாடு கடினம். எல்லாவற்றையும்விட, ஒப்புதல் படிவம் மூன்று பக்கமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அதைப் படிக்காமலே கையெழுத்திடப் போனார்; செவிலியரைக் கூப்பிட்டுத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னேன். பார்வை போகக்கூடும் என்ற வரி வந்தபோது அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, மகளிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தார். அந்தப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

குழந்தை சொன்னதை மருத்துவரிடம் அப்படியே சொன்னேன். என் வகுப்பு அட்டவணையைக் கேட்டார். ஆனியிலிருந்து மாசிவரை முகபாவம் காட்டும் அபிநயம், பங்குனியிலிருந்து வைகாசிவரை புதிய பிள்ளைகளுக்குக் கைகால் அசைவுகளான அடவு மட்டும் என்றேன். தம் கோப்பில் மாதங்களை எண்ணி, ஊசியைப் பங்குனித் தொடக்கத்துக்கு மாற்றி, அளவை 8 யூனிட்டாகக் குறைத்து எழுதினார். இந்தப் பங்குனியில் அப்படித்தான் போட்டுக்கொண்டேன். இப்போது சித்திரை, புருவம் பாதி நெரிகிறது, கோடு பாதி தெரிகிறது. அபிநய வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய வாரம் வந்து ஏழு அசைவுகளையும் மறுபடி செய்து காட்டச் சொல்லியிருக்கிறார், பழைய படங்களோடு வைத்துப் பார்ப்பதற்காக.